பந்தியிலிருந்து மேசைக்கு: தமிழ்நாட்டு உணவு விடுதிகளும் பரிமாறும் கையும்

உணவின் வரலாறு என்றதும் நாம் பெரும்பாலும் பண்டங்களின் வரலாற்றையே தேடிப்போகிறோம். மிளகாய் எவ்வழியே வந்தது, இட்லி எந்த நாட்டுப் பண்டம், காப்பி எப்போது நம் வீடுகளுக்குள் நுழைந்தது என்பன போன்ற வினாக்களுக்கு அறிஞர்கள் நிறையவே விடை தேடியுள்ளனர். பரிமாறும் முறைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. சோற்றை யார் வடித்தார், யார் இலையில் இட்டார், உண்பவருக்கு அருகில் யார் அமர்ந்திருந்தார் என்ற மூன்று கேள்விகளும் தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலம் சோற்றின் சுவையைக் காட்டிலும் கனமானவையாக இருந்துவந்தன. காசு கொடுத்து உண்ணும் இடம் நம் ஊர்களில் தோன்றியபோது, அது இம்மூன்று கேள்விகளுக்கும் ஏதேனும் ஒரு விடையை வைத்துக்கொண்டே கதவைத் திறக்கவேண்டியிருந்தது. காப்பி கிளப், மெஸ், மிலிட்டரி ஹோட்டல், முனியாண்டி விலாஸ், கையேந்தி பவன் என்று நாம் வகை பிரித்துச் சொல்லும் விடுதிகளை அவ்விடைகளின் வகைகளாகவும் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சத்திரத்துச் சோறு

விலைக்குப் பண்டம் விற்பது தமிழகத்தில் பழைய வழக்கமே. மதுரைக்காஞ்சி வருணிக்கும் மதுரையின் கடைத்தெருவில் தின்பண்டம் விற்போர் உண்டு. ஆனால் பண்டம் வேறு, சோறு வேறு. சோற்றை விலைக்கு விற்பதைத் தமிழ் மனம் நெடுங்காலம் ஏற்கவில்லை என்பதைத் தொ. பரமசிவன் எடுத்துக்காட்டியுள்ளார். வழிப்போக்கருக்குச் சோறு இடுவது அறம். அதற்கெனச் சத்திரங்கள் இருந்தன. அமுதசுரபியை மணிமேகலையின் கையில் கொடுத்த காப்பியம் நம்முடையது.

சத்திரத்திலும் ‘யார் கையால்’ என்ற கேள்வி இருக்கவே செய்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் பல சத்திரங்களை நிறுவி நடத்தினர். ஆட்சி கைமாறிய பின்னர், இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு இச்சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சமைத்த சோறு அளிக்கப்படுவதாக அவர் அதில் குறிப்பிடுகிறார். கூடவே, சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் சமைக்காமலேயே தரப்படும் என்றும் சொல்கிறார். இரண்டாவது செய்தி நம் கவனத்துக்குரியது. பிறர் சமைத்ததை உண்ணாதவர் தாமே உலை வைத்துக்கொள்ளலாம். அறமும் கெடாது, ஆசாரமும் கெடாது. இதுவே நம்மிடம் எழுத்தில் உள்ள பழைய பரிமாறும் ஏற்பாடுகளுள் ஒன்று.

1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. சாதியும் சமயமும் கேட்காமல் பசித்து வந்தவர் எவருக்கும் அங்கே ஒரே அடுப்பின் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. எனினும் தருமச்சாலையில் உண்பவர் கேட்டு வாங்கும் நிலையில் இல்லை. இட்டதை நன்றியோடு உண்பவர் அவர். காசு கொடுத்து உண்பவரின் உரிமை வேறு வகையானது.

அந்த உரிமை எப்படிப் பிறந்தது என்பதை அறியப் பாரிஸ் நகரத்தைச் சற்று எட்டிப்பார்க்கவேண்டும். ‘ரெஸ்டாரண்ட்’ என்ற சொல் அங்கிருந்துதான் உலகெங்கும் சென்றது. முதலில் அது உடலைத் தேற்றும் ஒரு வகைச் சாற்றுக்குப் பெயர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகர விடுதிகளில் உண்டவர், விடுதிக்காரரின் பொதுமேசையில், அவர் குறித்த வேளையில், அவர் சமைத்ததை முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து உண்டார். 1760களில் தோன்றிய புதிய விடுதிகள் இந்த முறையை மாற்றின. வந்தவருக்குத் தனி மேசை, அவர் விரும்பிய வேளை, விலை குறித்த பட்டியல், கேட்டதற்கு மட்டும் காசு என்ற நான்கும் மெல்ல மெல்ல நிலைபெற்றன.

அந்தப் பொதுமேசைக்கு நம்மிடையே உள்ள நிகர் பந்தி. ஒரே வேளையில் வரிசையாக அமர்ந்து, இட்டதை உண்டு, ஒருசேர எழுவது அதன் ஒழுங்கு. பாரிஸ்காரர் பொதுமேசையை விட்டுத் தனி மேசைக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தவை தனிமையும் வசதியும். நம் பந்தியிலோ யார் அமரலாம், யார் எந்த வரிசையில் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்திருந்தது. ஆகவே பந்தியை விட்டு மேசைக்கு நாம் வந்த வழி வேறாயிற்று.

தடுப்புக்கு இரு புறம்

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. வீட்டுக்கும் சத்திரத்துக்கும் வெளியே நாள் முழுவதும் இருக்கவேண்டிய மனிதர்கள் அதன்பின் பெருகினர். பல சாதியாரை ஒரே பெட்டியில் நெருக்கி அமர்த்திய இரயில், நிலையத்தில் இறங்கியதும் அவர்களைப் பிரித்துவிட்டது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர் என்பது இந்திய நிலையங்களில் வழக்கமாக இருந்தது. தென்னிந்திய நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடமும் ‘இதராளு’க்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டன.

நகரங்களில் பெருகிய காப்பி கிளப்புகளும் இம்முறையையே கைக்கொண்டன. அக்காலக் காப்பி கிளப்பின் பெயர்ப்பலகையில் காணப்பட்ட ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு வணிகப் பயன் ஒன்று இருந்தது. பிராமணர் சமைத்ததை மற்றச் சாதியாரும் உண்ணலாம் என்பது ஆசாரத்தின் கணக்கு. ஆகவே பிராமணச் சமையற்காரரை வைத்த விடுதிக்கு வாடிக்கையாளர் வட்டம் விரிந்தது. ஆனால் கல்லாவில் விழும் காசுக்கு இல்லாத தீட்டு அமரும் பலகைக்கு இருந்தது. உள்ளே பிராமணர்க்கென்று ஒரு பகுதி; மற்றவர்க்கு வெளியே ஒரு பகுதி; தாழ்த்தப்பட்டோருக்குப் படியேறவே அனுமதியில்லை. காப்பியும் தமிழ் நடுத்தர வர்க்கமும் ஒன்றையொன்று வளர்த்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் விரிவாக எழுதியுள்ளார். இத்தளத்தின் வாசகர்கள் பலர் அதை அறிந்திருப்பர்.

சேர்ந்து உண்பது வெறும் ஆசாரச் சிக்கலாக நிற்காமல் அரசியலாக மாறியது 1920களில். சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது என்ற செய்தி 1924–25இல் பெரும் புயலைக் கிளப்பியது. காங்கிரசின் நிதியும் பெற்ற, தேசபக்தி வளர்க்கவென்று ஏற்பட்ட ஒரு நிறுவனத்தில் இரண்டு இலைகள் தனியே போடப்பட்டன. அந்த இரண்டு இலைகள் தமிழ்நாட்டுக் காங்கிரசைப் பிளந்தன. 1925இன் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அப்பிளவும் இருந்தது.

பின்னர் அவர் இரயில் நிலைய விடுதிகளின் பக்கம் திரும்பினார். தொடர்ந்த எதிர்ப்பின் விளைவாக 1941இல் அங்கே தனி இடம் ஒதுக்கும் முறை கைவிடப்பட்டது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி நாள்தோறும் மறியல் நடந்தது. மறுத்தும் எதிர்த்தும் பல மாதங்கள் சென்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1958இல் அச்சொல் நீக்கப்பட்டது. ஒரு கடைப்பலகையின் ஒற்றைச் சொல்லுக்கு இத்தனை பேர் சிறை சென்றது மிகையல்லவா என்று இன்று சிலர் கேட்கக்கூடும். உள்ளே செல்வதற்கு முன்பே தன் நிலையைத் தெருவில் நின்று படிக்க நேர்ந்தவருக்கு அது மிகையாகத் தோன்றியிராது.

இதற்கிடையே சட்டமும் விடுதிக்குள் நுழைந்துவிட்டது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு பொது உணவு விடுதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் எவரையும் அங்கே தடுக்கலாகாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதையும் கடந்து, விடுதியில் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைக் கூட விட்டுவைக்கவில்லை. அவற்றை ஒருவருக்கு மறுப்பதும் குற்றமாயிற்று. ஒரு குடியரசின் சட்டம் டம்ளரைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்த டம்ளரின் கனத்தை நாம் உணரலாம்.

ஒப்பிக்கும் பட்டியல்

தனி மேசையும் கேட்டு உண்ணும் முறையும் தமிழ்நாட்டில் பரவியதில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. கோயில் நகரமாகிய உடுப்பியின் சமையல் மரபைக் கைமுதலாகக் கொண்டு அவர்கள் சென்னை, பம்பாய் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சமையலறை எடுபிடியாகத் தொழிலைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். 1962இல் கதீட்ரல் சாலையில் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரை விட்டு இறங்காமலே உண்ணும் புதுமையைச் சென்னைக்குக் காட்டியது. கார்க் கதவின் கண்ணாடியில் மாட்டிய தட்டில் தோசை வந்தது. 2008இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

பாரிஸ் விடுதிக்கும் நம் சிற்றுண்டி விடுதிக்கும் உள்ள ஒரு வேறுபாடு இங்கே கருதத்தக்கது. அங்கே பட்டியல் தாளில் இருந்தது. நம்மிடம் அது சர்வரின் நாவில் இருந்தது. இட்லி, வடை, பொங்கல், பூரி, சாதா, மசாலா, ரவா என்று மூச்சுவிடாமல் அவர் ஒப்பிப்பதும், நாம் கேட்டதை எழுதிக்கொள்ளாமல் அடுக்களையை நோக்கிக் குரல் கொடுப்பதும், எட்டு மேசைகளின் கணக்கையும் மனத்தில் வைத்திருந்து எழும்போது பிசகாமல் பில் எழுதுவதும் ஓர் அருங்கலையாகவே விளங்கின. 1948இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவது இன்றும் பெயர்பெற்ற வழக்கம். சாம்பாருக்குத் தனி விலை கேட்காத அந்தத் தாராளம், பந்தியிலிருந்து மேசைக்கு நாம் கொண்டுவந்த நல்ல மிச்சங்களுள் ஒன்று.

சர்வர் முன்னே நின்று கேட்பதும், அமர்ந்திருப்பவர் இன்னது வேண்டும் என்று சொல்வதும் புதிய உறவு. சாதி கேட்காமல், ஊர் கேட்காமல் ஒருவரை மேசைமுன் அமர்த்தும் அவ்விடத்தின் இயல்பைப் புதுமைப்பித்தன் நன்கு கண்டுகொண்டார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கைலாசத்திலிருந்து இறங்கி வந்த கடவுளைப் பிள்ளை முதலில் அழைத்துச் செல்வது கோயிலுக்கன்று, காப்பி ஓட்டலுக்கு. கடவுளாயினும் பில்லுக்குக் காசு கொடுத்தாகவேண்டும். அவர் நீட்டிய நூறு ரூபாய் நோட்டு கல்லாவில் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் 1940களின் சென்னையில் அவருக்குக் கிடைத்திராது.

உண்பவர் பெற்ற இந்தச் சமத்துவத்தின் சுமை சர்வரின் தோளில் ஏறியது. நின்றுகொண்டே வேலை, விடுதியிலேயே உறக்கம், வாடிக்கையாளரின் கோபத்துக்கு முதல் இலக்கு என்பதே பலருக்கும் வாய்த்த வாழ்க்கை. மேசை துடைக்கச் சிறுவர்களை அமர்த்துவது வெகுகாலம் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. உணவு விடுதிகளில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல்தான் தடைசெய்யப்பட்டது. 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ ஒரு சர்வரைக் கதாநாயகனாக்கியது. ஆயினும் அவன் பெருமை பெறுவதற்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடிகனாகவேண்டியிருந்தது.

தட்டைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தவர்களும் உண்டு. 1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் அவர்களே நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ்கள் தொடங்கின. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு காப்பி கொண்டுவந்து வைக்கும் சர்வரே அங்கே பங்குதாரரும் ஆவார். இந்திய உணவு விடுதியின் வரலாற்றில் பரிமாறும் கை முதலாளியாகவும் ஆன அரிய நேர்வு இது.

மெஸ்ஸும் முனியாண்டியும்

மெஸ் என்பது வேறு உலகம். வீட்டை விட்டு வந்த குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் மாதக்கணக்கில் சோறு போட்ட இவ்விடங்களில் பட்டியலும் கிடையாது, தேர்வும் கிடையாது. இன்றைக்கு என்ன குழம்போ அதுதான். பந்தியின் ஒழுங்கு முழுமையாக எஞ்சியிருப்பது இங்கேதான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் வாளிகள் வரிசையாக வரும். போதும் என்று கையால் மறைக்கும்வரை சோறு விழும். நண்பகலில் நாம் உண்டுகொண்டிருக்கையிலேயே நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, எடுப்புச் சாப்பாடு என்ற பிரிவுகள் பந்தியின் தாராளத்தை விலைக்குள் அடக்கச் செய்த முயற்சிகள்.

அசைவ விடுதிகளின் வரலாறு இன்னொரு கிளை. பெயர்ப்பலகையில் ‘மிலிட்டரி’ என்று கண்டால் உள்ளே கறி உண்டு என்பது தென்னகம் முழுவதும் விளங்கிய குறிப்பு. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் 1930கள் தொடங்கித் தம் ஊர்த்தெய்வத்தின் பெயரால் நடத்திய முனியாண்டி விலாஸ்கள் கிருஷ்ணனுக்கும் ஆரிய பவனுக்கும் பக்கத்தில் ஒரு கிராமக் காவல் தெய்வத்தைக் கடைப்பலகையில் ஏற்றின. ஆண்டுதோறும் அவ்வூர்க் கோயில் திருவிழாவில் ஓட்டல்காரர்கள் ஒன்றுகூடி, ஆட்டுக்கறிப் பிரியாணியைப் பிரசாதமாக அனைவருக்கும் வழங்குகின்றனர். விற்றுச் சேர்த்ததன் ஒரு பகுதி அங்கே மீண்டும் அன்னதானமாகிறது. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்த புகாரி, பிரியாணியை எல்லா மதத்தாரும் நாடும் மாநகர உணவாக்கியதில் பங்கு வகித்தது.

பெண்களுக்கு இவ்விடங்கள் எளிதில் திறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘பேமிலி ரூம்’ என்ற பெயரில் மரத்தடுப்பும் திரைச்சீலையும் கொண்ட அறைகள் பல ஊர் ஓட்டல்களில் இருந்தன. குடும்பத்தோடு வந்தால் பெண்ணுக்குத் திரைக்குப் பின்னால் இடம் கிடைக்கும். தனியே வந்து மேசைமுன் அமர்ந்து காப்பி கேட்கும் பெண்ணுக்கு அங்கே பெயரே இருக்கவில்லை.

குவளை, டோக்கன், கைப்பேசி

நகரத்தில் மேசை பொதுவாகிவிட்ட பிறகும் கிராமத்துத் தேநீர்க் கடையில் குவளை பொதுவாகவில்லை. தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை சட்டத்துக்குப் பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. போராட்டங்கள் வலுத்தபோது சில கடைகள் தூக்கி எறியும் குவளைக்கு மாறின. கழுவவேண்டாம் என்பதால் தொடவும் வேண்டாம். சில இடங்களில் தலித்துகளுக்கு மட்டும் அந்தக் குவளை, மற்றவர்க்குக் கண்ணாடி என்றும் ஆயிற்று. 1801இன் சத்திரத்தில் சமைக்காத அரிசி செய்த வேலையை இங்கே ஒரு பிளாஸ்டிக் குவளை செய்தது.

சுயசேவை இக்கதையை வேறு பக்கம் திருப்பியது. 1980களில் பெங்களூரில் பெருகிய தர்ஷினிகள் சர்வரையும் நாற்காலியையும் ஒருசேர நீக்கின. டோக்கன் வாங்கி, தட்டை எடுத்துக்கொண்டு, உயரமான மேசையருகே நின்று உண்ணவேண்டும். கையேந்தி பவன்கள் இதை ஏற்கெனவே மேசையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தன. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம் இம்முறையை அரசின் பொறுப்பாக்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்ற விலையில், சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்துத் தந்தனர். யார் சமைத்தார் என்று எவரும் கேளாமல் சுமைத் தொழிலாளரும் அலுவலகம் செல்வோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று உண்டனர். கொடை என்ற உணர்வின்றி உண்பதற்கு அந்த ஒரு ரூபாய் போதுமானதாயிருந்தது.

ஆனால் விலை ஒரு தடுப்பை அகற்றும்போதே இன்னொன்றை எழுப்பிவிடும். அதே அடுப்பில் வார்த்த அதே தோசைக்கு ஏ.சி. ஹாலில் வேறு விலை. பிறப்பு வரைந்த கோட்டைப் பணம் தன் போக்கில் மீண்டும் வரைகிறது. சொற்களும் முற்றாக மாறிவிடவில்லை. ‘பிராமணாள்’ நீங்கிய பலகைகளில் ‘உயர்தர சைவ உணவகம்’ நிலைத்துவிட்டது. காய்கறிக்கு உயர்தரம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எழுந்த எதிர்ப்பு, எந்தச் சோறு பொதுப் பந்திக்கு வரலாம் என்ற கேள்வி உயிரோடிருப்பதையே காட்டியது. விழா தள்ளிவைக்கப்பட்டது.

இப்போது விடுதியே நம் வாசலுக்கு வருகிறது. கைப்பேசியில் தொட்டால் உணவு வந்துவிடும். சமைத்தவரை நாம் காண்பதில்லை, அருகில் எவரும் அமர்வதில்லை. மூன்று கேள்விகளும் இத்துடன் முடிந்திருக்கவேண்டும். 2019இல் ஜபல்பூரில் ஒருவர், உணவைக் கொண்டுவருபவர் இந்து அல்லர் என்ற காரணத்தால் அதை வாங்க மறுத்தார். 2024 மார்ச் 19 அன்று சொமாட்டோ நிறுவனம், சைவ உணவைச் சுமக்கத் தனிப் படையினரையும் அவர்களுக்குப் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. சிவப்புச் சீருடைக்காரர் சில குடியிருப்புகளுக்குள் நுழைய முடியாமல் போகும் என்ற எதிர்ப்பு எழவே, மறுநாளே பச்சைச் சீருடை மட்டும் கைவிடப்பட்டது. மூடிக் கட்டிய பொட்டலத்துக்கும் அதைத் தூக்கி வரும் கை எது என்ற கேள்வி தொடர்ந்து வந்துவிட்டது.

ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில் வரும் கெத்தேல் சாகிப் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். விலை சொல்வதில்லை, பில் தருவதில்லை. உண்டவர் தம்மால் இயன்றதைப் பெட்டியில் போடலாம், போடாமலும் போகலாம். அவர் கையால் உண்டவனுக்கு அது தாயின் கையாகத் தோன்றுகிறது. சத்திரத்தின் தாராளமும், ஓட்டலின் கேள்வி கேளாமையும், மெஸ்ஸின் நிறைந்த இலையும் ஒன்றுசேர்ந்த விடுதி அது. அத்தகைய கடையை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் நாம் அமர்ந்திருக்கும் சாதாரணமான மேசைகூடச் சும்மா வந்துவிடவில்லை. அதில் அமர்வதற்கு மறியல் நடந்திருக்கிறது, சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, சிலர் சிறையிலும் இருந்திருக்கின்றனர். சாம்பார் வாளியோடு அருகில் வந்து இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வது அந்த வரலாற்றுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை.